தாதியர் வேலைநிறுத்தம்: உரிமையும் பொறுப்பும்

(உப்புவெளியில் நடைபெற்ற கூட்டமொன்றில், திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்த சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்.)

தலைவர் அவர்களே! ஆசிரியப் பெருமக்களே, வைத்தியர்களே, அரசாங்க உத்தியோகத்தர்களே! தம்பலகாமத்திலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் வயல் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே! பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாதியச் சகோதரிகளே!

இன்று எனக்குத் தரப்பட்ட பொருள், சம்பளத்துக்காகவும் வேலை நிலைமைகளுக்காகவும் தாதியர் வேலைநிறுத்தம் செய்யலாமா என்பதாகும். மேடைக்கு வரும் வழியில் பெரியவர் ஒருவர் என்னை நிறுத்தி, "தம்பி, ஆம் என்று சொல்லப்போகிறீரா, இல்லை என்று சொல்லப்போகிறீரா? அதை முதலில் சொல்லிவிடும், பிறகு விளக்கலாம்" என்றார். நியாயமான கேள்வி. சட்டத்தரணிகள் சுற்றி வளைத்துப் பேசுவோர் என்ற பெயர் எங்களுக்கு உண்டு. எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்யலாம் என்பதே என் முடிவு. ஆனால் ஆலைத் தொழிலாளி செய்வதைப் போலச் செய்யலாகாது. அவ்வாறு செய்ய வேண்டிய நிலைக்கு அவர்களைத் தள்ளிவிடும் அரசாங்கம், அவர்களைக் குற்றவாளிகள் என்று அழைக்கும் தகுதியை இழந்துவிடுகிறது. இந்த முடிவுக்கு நான் எளிதில் வந்தவன் அல்லன். எதிர்ப்புறத்திலிருந்து நடந்து வந்தவன்.

என் கோபமும் ஒரு கேள்வியும்

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையார் நோயுற்று அரசாங்க மருத்துவமனை ஒன்றிலே கிடந்தார். அது எந்த மருத்துவமனை என்பது இங்கே தேவையில்லை. காலில் ஆறாத புண். நாள்தோறும் கழுவி மருந்து கட்ட வேண்டும். ஒரு நாள் காலையில் நான் சென்றபோது பணிப்பகிஷ்கரிப்பு. முதல் நாள் கட்டிய துணி அப்படியே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு ஊசி போடும் வேளை தவறிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நேரே வாசலுக்குப் போனேன். அங்கே பதாகையுடன் நின்ற தாதியருள் ஒருவரை எனக்கு அடையாளம் தெரிந்தது. முந்தைய இரவு முழுவதும் அதே விடுதியில் வேலை செய்தவர் அவர். "உங்களுக்கு மனச்சாட்சி இல்லையா?" என்று கேட்டேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஐயா, நேற்றிரவு நாற்பது நோயாளர்களுக்கு நான் ஒருத்தி. இரவு ஏழு மணிக்கு வந்தவள் காலை ஏழு மணிவரை உட்காரவில்லை. உங்கள் தகப்பனார் தண்ணீர் கேட்டு அழைத்தபோது மற்றொருவரின் மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றிரவு நீங்கள் ஏன் கோபப்படவில்லை?" என்றார்.

அன்று நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கவுமில்லை. ஒரு நாள் தாதி வராததைக் கண்டு கொதித்தெழுந்த நான், முந்நூற்று அறுபத்தைந்து நாளும் மூவர் செய்ய வேண்டிய வேலைக்கு ஒருவர் நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டும் காணாதிருந்தேன். வாசலில் நிற்கும் பதாகை கண்ணுக்குத் தெரிகிறது. நிரப்பப்படாத வெற்றிடம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரண்டினாலும் துன்புறுபவன் ஒரே நோயாளிதான்!

அவர்கள் கேட்பது என்ன?

தாதியர் பேராசைக்காரர், நாடு வறுமையில் கிடக்கையில் கூடுதல் சம்பளம் கேட்கின்றனர் என்று பேசுவோர் உளர். கேட்டது என்ன என்பதைப் பார்ப்போம்.

2022 பெப்ரவரி 7ஆம் திகதி, தாதியர் சங்கம் உட்படச் சுகாதாரத் துறையின் பதினெட்டுச் சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்று, இடையூறு, தயார்நிலை, போக்குவரத்து ஆகியவற்றுக்கான மாதாந்தப் படியை 3,000 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்துவது. 2024 ஜனவரியில் அரசாங்கம் வைத்தியர்களுடைய இதே படியை 35,000 ரூபாவால் உயர்த்த முடிவு செய்தது. வைத்தியர்களுக்குக் கொடுத்ததை நான் குறை கூறவில்லை. நாட்டை விட்டு வெளியேறும் வைத்தியரைத் தடுத்து நிறுத்த ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒரே விடுதியில் ஒரே இரவில் விழித்திருக்கும் இருவருள், ஒருவருடைய தூக்கத்துக்கு விலை உண்டு, மற்றவருடைய தூக்கத்துக்கு விலை இல்லை என்றால், அதை எந்தத் தராசில் நிறுப்பது? 2024 பெப்ரவரியில் எழுபத்திரண்டு சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. அரசாங்கம் மருத்துவமனைகளுக்கு இராணுவத்தினரை அனுப்பியது.

பின்னர் 2025 பெப்ரவரி 17ஆம் திகதி சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் வந்தது. அரசாங்க ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகக் கட்டங்கட்டமாக உயர்த்துவதாக அறிவித்தனர். உயர்வு 15,750 ரூபா. ஆனால் ஏற்கெனவே வழங்கப்பட்டுவந்த படிகளை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துவிட்டதனால், நிகர உயர்வு 8,250 ரூபா என்றே அரசாங்கமும் கூறியது. அடிப்படைச் சம்பளம் உயர்வது நல்லதே. ஓய்வூதியம் அதை வைத்தே கணிக்கப்படுகிறது. ஆயினும் அதே வேளையில் மேலதிக நேரத்துக்கும் விடுமுறை நாள் வேலைக்கும் கொடுப்பனவு கணிக்கும் பங்கைக் குறைக்க முற்பட்டனர். சுகாதாரத் துறைச் சங்கங்கள் மார்ச் மாதத்தில் மறுபடியும் தெருவில் இறங்கியதற்கு இதுவே காரணம்.

பங்கு குறைவது என்றால் என்ன? விவசாயிகள் கணக்கில் கெட்டிக்காரர். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 100 ரூபா என்றும், விடுமுறை நாள் ஒன்றுக்கு அதில் இருபதில் ஒரு பங்கு என்றும் வைத்துக்கொள்வோம். கிடைப்பது 5 ரூபா. சம்பளம் 150 ரூபாவாக உயர்ந்து, பங்கு முப்பதில் ஒன்றாகக் குறைந்தால் கிடைப்பது எவ்வளவு? அதே 5 ரூபா! சம்பளம் ஒரே தடவையில் உயராமல் தவணை முறையில் 120 ரூபாவில் நிற்கும்போதே பங்கைக் குறைத்துவிட்டால் 4 ரூபாதான். காகிதத்தில் சம்பளம் ஏறுகிறது. உழைத்த நாளின் கூலி இறங்குகிறது. ஆள் பற்றாக்குறையால் மேலதிக நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு துறையில் இந்தக் கணக்கு யாரைத் தாக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அரசாங்கத்தின் தரப்பையும் கூறுவது என் கடமை. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று இந்நாடு அறிவித்தது. திறைசேரி வற்றிய குளமாகக் கிடந்தது. வற்றிய குளத்திலிருந்து எல்லா வயலுக்கும் நீர் பாய்ச்ச முடியாது என்பது உண்மையே. ஆயின், குளம் வற்றியபோது எந்த வாய்க்காலை முதலில் அடைப்பது என்று முடிவு செய்பவர்கள், அந்த வாய்க்காலின் கடைசியில் இருப்பவரை அழைத்துப் பேசினரா? கேள்வி அதுவே.

சட்டம் என்ன சொல்கிறது?

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14(1)(ஈ) உறுப்புரை, தொழிற்சங்கம் அமைப்பதற்கும் அதில் சேர்வதற்கும் ஒவ்வொரு பிரசைக்கும் உரிமை அளிக்கிறது. 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் வேலைநிறுத்தம் என்பதற்கு வரைவிலக்கணமே தந்துள்ளது. இவையெல்லாம் ஒரு பக்கம்.

மறுபக்கத்தைப் பாருங்கள். தனியார் துறையில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் பிணக்கு எழுந்தால், 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் இருக்கிறது. இணக்கப் பேச்சு உண்டு, நடுத்தீர்ப்பு உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 49ஆம் பிரிவு, முதலாளியாக நிற்கும் அரசாங்கத்துக்கும் அதன் ஊழியருக்கும் இச்சட்டம் ஏற்புடையதன்று என்று கூறிவிடுகிறது. ஊரிலுள்ள முதலாளிகள் எல்லோரையும் நடுவர் முன் நிறுத்தும் அரசாங்கம், தான் மட்டும் அந்த வாசலில் ஏற மறுக்கிறது!

அடுத்து, 1979ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க அத்தியாவசிய பொதுச் சேவைகள் சட்டம். சனாதிபதி வர்த்தமானியில் ஒரு கட்டளை பிறப்பித்தால் போதும். அதன் பின் வேலைக்கு வர மறுப்பது குற்றம். மறுக்கும்படி தூண்டுவதும் குற்றம். அத்தகைய கட்டளை நடைமுறையில் இருக்கும் நாளில் இந்த மேடையில் நின்று பேசுவதற்கு நானும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டியிருக்கும். தண்டனை என்ன? இரண்டு ஆண்டுக்குக் குறையாத, ஐந்து ஆண்டுக்கு மேற்படாத கடூழியச் சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். சொத்துப் பறிமுதலுக்கும் தொழிற் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவதற்கும் அதில் இடமுண்டு. திருடனுக்குக்கூட இத்தனை ஏற்பாடு இல்லை!

இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. 1980 ஜூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தம் செய்தபோது, ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் வேலை இழந்தனர். அவர்களுள் பலருடைய குடும்பங்கள் அதன் பின் தலை நிமிரவே இல்லை. 2022 பெப்ரவரியில் வேலைநிறுத்தம் தொடங்கிய சில நாள்களுக்குள், சட்டமா அதிபரின் மனுவின் பேரில் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அரசாங்க தாதி உத்தியோகத்தர்கள் சங்கத்துக்கும் அதன் தலைவர் சமன் ரத்னப்பிரியவுக்கும் எதிராகத் தடையுத்தரவு பிறப்பித்தது. அதே வாரத்தில் சனாதிபதி கோட்டாபய ராஜபக்ச சுகாதார சேவையை அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் அறிவித்தார்.

சட்டம் படித்தவன் என்ற முறையில் நான் கேட்பது இதுதான். ஒருவனுடைய கையிலுள்ள ஆயுதத்தை வாங்கினால், அவனைக் காக்கும் பொறுப்பை வாங்கியவன் ஏற்க வேண்டாமா? சர்வதேசத் தொழில் தாபனத்தின் நிலைப்பாடும் இதுவே. மருத்துவமனை உயிரோடு தொடர்புடைய சேவை. அங்கே வேலைநிறுத்த உரிமையைக் கட்டுப்படுத்தலாம். ஆனால் கட்டுப்படுத்துவதற்கு ஈடாக, பக்கச்சார்பற்ற, விரைவான இணக்க, நடுத்தீர்ப்பு வழியைத் திறந்து வைக்க வேண்டும். 1977ஆம் ஆண்டின் தாதியர் பற்றிய 149ஆம் இலக்க உடன்படிக்கையும் சுதந்திரமான நடுநிலைப் பொறிமுறையைப் பற்றிப் பேசுகிறது. இலங்கை அரசாங்கம் செய்ததென்ன? கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டது, ஈட்டைக் கொடுக்கவில்லை. முன்கதவையும் பின்கதவையும் ஒருசேரப் பூட்டிவிட்டு, சன்னல் வழியாகக் குதித்தவர்களைத் திருடர் என்கிறது.

அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தம் என்பது நேற்று முளைத்ததன்று. 1947ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின்போது, ஜூன் 5ஆம் திகதி கந்தசாமி என்னும் அரசாங்க எழுதுவினைஞர் கொழும்பிலே பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். இன்று அரசாங்க உத்தியோகத்தர் அனுபவிக்கும் சங்க உரிமைகளின் அடியில் அத்தகையோருடைய குருதி இருக்கிறது.

எதிர்வாதத்தின் வலிமை

இவ்வளவும் சொன்ன பின், எதிர்வாதத்தை மறைப்பது நேர்மையாகாது. அது வலிமையான வாதம்.

ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தால் நட்டம் முதலாளிக்கு. துறைமுகத்தில் நடந்தால் கப்பற் கம்பனிக்கு. ஆனால் அரசாங்க மருத்துவமனையில் நடந்தால் நட்டம் யாருக்கு? அமைச்சருக்கு ஒரு சதம் நட்டமில்லை. அவருக்கு நோய் வந்தால் போவதற்கு வேறிடம் உண்டு. பணமுள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போவார். மூதூரிலிருந்தும் சேருவிலையிலிருந்தும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, மருந்துத் துண்டோடு வரிசையில் நிற்கும் ஏழையே தண்டிக்கப்படுகிறான். சிறுநீரகம் பழுதாகி, குருதியைச் சுத்திகரிக்கக் குறித்த நாளில் வந்தே ஆக வேண்டிய விவசாயிக்கு, "உமது போராட்டத்தில் எனக்கும் அனுதாபம் உண்டு, அடுத்த வாரம் வருகிறேன்" என்று சொல்ல முடியுமா? அவனுடைய உடம்பு தவணை கொடுக்காதே!

ஆகவே, அடிக்கும் கோல் எவர் முதுகில் விழுகிறது என்று பாராமல் ஓங்குவது அறமாகாது. 1961இல் இந்த மாவட்டத்து மக்களும் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். அவர்கள் தேர்ந்தெடுத்த இடம் கச்சேரி வாசல். யாருடன் வழக்கோ அவருடைய வாசல்! அந்தப் பாடத்தை நாம் மறக்கலாகாது.

இதற்காக வேலைநிறுத்தமே கூடாது என்று முடிவு கட்டலாமா? அங்கேதான் நான் பலருடன் மாறுபடுகிறேன். வேலைநிறுத்தம் செய்யாத தாதி வேலையில் இருப்பார் என்பதற்கு யார் உத்தரவாதம்? 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் எத்தனை குடும்பங்களிலிருந்து படித்த பிள்ளைகள் கடல் கடந்து போயினர் என்பதை உங்கள் ஊரைப் பார்த்தே அறிவீர்கள். வாசலில் நின்று முழக்கமிடும் தாதி நாளை மறுநாள் விடுதிக்குத் திரும்பி வருவார். விமானத்தில் ஏறிய தாதி திரும்பி வரமாட்டார். அதுவும் ஒரு வேலைநிறுத்தமே. ஓசையில்லாத, முடிவில்லாத வேலைநிறுத்தம். அதற்கு எந்த நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பிக்கும்?

பிறநாட்டுப் பாடங்கள்

இங்கிலாந்தில் அரச தாதியர் கல்லூரி என்னும் சங்கம் 1916இல் தோன்றியது. 1995 வரை, வேலைநிறுத்தம் செய்யமாட்டோம் என்பது அதன் விதியாகவே இருந்தது. அத்தகைய சங்கம் 2022 டிசம்பர் 15ஆம், 20ஆம் திகதிகளில் இங்கிலாந்தில் தன் வரலாற்றிலேயே முதன்முறையாக வேலைநிறுத்தம் செய்தது. எவ்வாறு செய்தது? திகதியை முன்னரே அறிவித்தது. தீவிர சிகிச்சை, புற்றுநோய் மருந்தேற்றல், குருதிச் சுத்திகரிப்பு முதலியவற்றை விலக்கி வைத்தது. அப்படியும் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. வேலைநிறுத்தம் எப்பொழுதும் வெல்லும் என்று உங்களுக்கு ஆசை காட்ட நான் வரவில்லை. ஒழுங்கோடு செய்தால் மக்களின் மதிப்பை இழக்காமல் செய்யலாம் என்பதே அதன் பாடம்.

தமிழ்நாட்டில் 2017 நவம்பரில், மாதம் 7,700 ரூபாவுக்கு ஒப்பந்த முறையில் வேலை செய்த தாதியர் ஆயிரக்கணக்கில் சென்னைத் தேனாம்பேட்டையில் கூடி, நிரந்தர நியமனம் கேட்டுப் போராடினர். போராட்டத்தைக் கைவிடும்படி சென்னை உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆனால் அம்மூன்று நாள்களுக்குப் பின்னரே, நோயாளியின் உயிர் இத்தனை குறைந்த கூலிக்காரர் கையில் இருக்கிறது என்பது நாட்டுக்குத் தெரிந்தது.

கேரளத்திலோ தனியார் மருத்துவமனைத் தாதியர் சங்கம் அமைத்துப் பல ஆண்டுகள் போராடினர். 2018 ஏப்ரலில், காலவரையற்ற வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்துவிட்டனர். அந்நாள் பிறக்கு முன்பே, தாதியருக்கு ஆகக் குறைந்த அடிப்படை ஊதியம் 20,000 ரூபா என்று மாநில அரசாங்கம் அறிவித்தது. வாள் உறையிலிருந்து வெளியே வரவே இல்லை! ஆனால் உறைக்குள் வாள் இருந்தது. வேலைநிறுத்த உரிமையின் பெரும் பயன், அதைப் பயன்படுத்தாமலே பேச்சு மேசைக்கு எதிரியை அழைத்து வருவதிலேயே உள்ளது. உரிமையையே பறித்துவிட்டால் மேசையின் மறுபுறத்தில் எவரும் வந்து அமரார்.

நான் செய்த தவறு

இவ்விடத்தில் என் தவறொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பொரு முறை தாதியர் சிலர் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தனர். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பப் போக்குவரத்து, ஓய்வறையில் ஒரு கதவு, வெற்றிடங்களுக்கு ஆள் என மூன்று கோரிக்கைகள். சம்பளம் அதில் இல்லவே இல்லை. அடையாள வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்திருந்தனர். நான் அதிகாரி ஒருவருடன் பேசினேன். "ஒரு மாதத்துக்குள் செய்து தருகிறோம்" என்றார். அதை நம்பி, "கைவிடுங்கள்; வாக்குக் கொடுத்திருக்கின்றனர்" என்று தாதியருக்குச் சொன்னேன். அவர்கள் என்னை நம்பினர்.

மாதம் ஒன்று போயிற்று, மூன்று போயின. அதிகாரி இடமாற்றம் பெற்றுப் போனார். அவருடைய வாக்குறுதியும் அவருடைய பெட்டியோடு போயிற்று. கோவையைப் புரட்டிப் பார்த்தால் ஒரு வரி எழுத்து இல்லை. காணித் துண்டு வாங்கினால் உறுதி எழுதாமல் பணம் கொடுக்காதே என்று கட்சிக்காரருக்கெல்லாம் புத்தி சொல்லும் நான், நாற்பது பெண்களின் நம்பிக்கையை எழுத்தில்லாத வாக்குக்கு விற்றுவிட்டேன்! அவர்களுள் இருவர் இன்று இந்நாட்டில் இல்லை. அன்று முதல், பொறுத்திருங்கள் என்று தாதியருக்குச் சொல்வதற்கு முன்னால், எதை நம்பிப் பொறுத்திருப்பது என்ற கேள்வியை நான் அரசாங்கத்திடம் கேட்டு வருகிறேன்.

செய்ய வேண்டியவை

விவசாயப் பெருமக்களே! போகம் தொடங்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறீர்கள். நீர் திறக்கும் நாள், அடைக்கும் நாள் எல்லாவற்றையும் எல்லோரும் அறியப் பேசித் தீர்க்கிறீர்கள். வட்டை விதானையோடு மனத்தாங்கல் வரலாம், வாய்ச்சண்டையும் வரலாம். ஆனால் கதிர் பால் பிடிக்கும் வேளையில் மடையை அடைக்க எவரும் துணிவதில்லை. அதே போல, மடை காப்பவனைப் பட்டினி போட்டுவிட்டு மடை திறந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதுமில்லை. இந்த இரண்டு நியாயமும் மருத்துவமனைக்கும் பொருந்தும்.

தாதியச் சகோதரிகளுக்கு என் வேண்டுகோள் ஐந்து. முதலாவது, வேலைநிறுத்தம் கடைசிப் படியாகவே இருக்கட்டும். மனு, பேச்சு, மதிய இடைவேளைப் போராட்டம் ஆகிய படிகளில் ஏறிய பின்பே அந்தப் படி. இரண்டாவது, குறைந்தது பதினான்கு நாள் முன்னறிவித்தல் கொடுங்கள். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, பஸ் நிலையத்திலும் சந்தையிலும் ஒட்டுங்கள். மூன்றாவது, அவசர சிகிச்சை, தீவிர சிகிச்சை, பிரசவம், குழந்தைகள், குருதிச் சுத்திகரிப்பு, புற்றுநோய் ஆகிய பிரிவுகளைத் தொடாதீர்கள். 2024இல் சங்கங்கள் மகப்பேற்று, குழந்தைகள், புற்றுநோய் மருத்துவமனைகளை விலக்கி வைத்தன. அது நன்மரபு, அதை எழுத்தில் பொறியுங்கள். நான்காவது, தொடங்கும் மணியோடு முடியும் மணியையும் அறிவியுங்கள். ஐந்தாவது, உங்கள் கோரிக்கைப் பட்டியலில் நோயாளியின் கோரிக்கையையும் சேருங்கள். இத்தனை கட்டிலுக்கு இத்தனை தாதி என்பது உங்கள் ஓய்வு மட்டுமன்று, எங்கள் உயிருமாகும். அதை முதலில் எழுதினால் ஊரே உங்கள் பின்னால் நிற்கும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. சுகாதார சேவைக்கென நிலையான, சுதந்திரமான நடுத்தீர்ப்பு மன்றம் ஒன்றைச் சட்டத்தால் அமையுங்கள். அது குறித்த நாள்களுக்குள் தீர்ப்பளிக்க வேண்டும். அத்தீர்ப்பு சங்கத்தைப் போலவே திறைசேரியையும் கட்டுப்படுத்த வேண்டும். அடுத்து, பிணக்கை அம்மன்றத்தின் முன் வைக்க அரசாங்கம் முன்வராதவரை, அத்தியாவசிய சேவைக் கட்டளை பிறப்பிக்கலாகாது என்று 1979ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துங்கள். மூன்றாவதாக, ஒவ்வொரு மருத்துவமனையிலும் அனுமதிக்கப்பட்ட தாதியர் எத்தனை, பணியில் உள்ளோர் எத்தனை என்பதை ஆண்டுதோறும் மும்மொழியிலும் வெளியிடுங்கள். அத்தகைய மன்றம் ஒன்று உண்மையாகவே அமைந்து, அதன் தீர்ப்பு மதிக்கப்படும் நாள் வந்தால், தாதியர் வேலைநிறுத்தத்தைக் கைவிட வேண்டும் என்று சொல்ல நானே முதல் ஆளாக இம்மேடையில் ஏறுவேன். அந்நாள் வரும்வரை அவ்வாறு சொல்ல எனக்கு வாய் வராது.

நமக்கும் பொறுப்பு உண்டு. 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது இம்மாவட்டத்து விடுதிகளில் கட்டிலுக்கு இடமில்லை. கொரோனாக் காலத்தில் பெற்ற பிள்ளையையும் தொடாமல் வேலை செய்த தாய்மார் அவர்கள். அன்று புகழ்ந்தோம், பொன்னாடை போர்த்தினோம். புகழ்ச்சியைக் கொண்டுபோய்க் கடையில் அரிசி வாங்க முடியாது. வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்தபோது, நோயாளியையும் மருத்துவனையும் மருந்தையும் சொல்லி நிறுத்திவிடவில்லை. உடனிருந்து உதவுபவரையும் நான்காவது கூறாக எண்ணினார். நம்முடைய அரசாங்கக் கணக்கில்தான் நான்காவது கூறு அடிக்குறிப்பாகிவிட்டது.

இக்கூட்டம் கலையு முன், நான் சொன்ன மூன்று கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, இம்மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர் அனைவருக்கும் அனுப்ப வேண்டுமென்று தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். எழுத்தில் அனுப்புவோம், பதிலையும் எழுத்திலேயே கேட்போம். நான் பட்டது போதும்!

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பர் நம் முன்னோர். உப்பின் பெயரையே தாங்கிய ஊரில் நின்று பேசுகிறோம். நாம் பிறந்தபோது முதலில் கையில் ஏந்தியவரும், நாம் கண் மூடும்போது கடைசியில் பக்கத்தில் நிற்பவரும் பெரும்பாலும் ஒரு தாதியே. அவர் ஒரு நாள் வாசலில் வந்து நின்றால், "ஏன் உள்ளே இல்லை?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆனால் அவர் தனியாக உள்ளே நின்ற இரவுகளில் நாம் எங்கே இருந்தோம் என்று அவரும் கேட்பார். இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையாக விடை சொல்லும் ஊராக இந்த ஊர் இருக்கட்டும்.